பதினான்கு மாதப் பாப்பாவுக்கு விட்டுப்போன ஊசிகள்

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டி பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்து நாலு வருஷம் ஆகிறது. நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் டெய்லர். பாப்பாவுக்கு இப்போது 14 மாதம். பிரசவம் அம்மா வீட்டில். பிறந்ததும் போடுகிற ஊசி, ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி எல்லாம் அங்கேயே போட்டாச்சு. இரண்டரை மாத ஊசிக்குக் காய்ச்சல் வந்து, தொடையில் கட்டி மாதிரி ஆகிவிட்டது. பாப்பா ராத்திரி முழுக்க அழுதாள். என் மாமியார் பயந்துபோய், "போதும், இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் திருப்பூர் வந்துவிட்டோம். வீடு மாறியதில் தடுப்பூசி அட்டையும் தொலைந்துவிட்டது. இங்கே புதன்கிழமைதான் ஊசி. அன்றைக்கு லீவு போட்டால் சம்பளம் போய்விடும். பதினொன்றாம் மாதம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். "இத்தனை மாசம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் நர்ஸ் திட்டினார். பிறகு, "அம்மை ஊசிக்கு உங்க குழந்தை மட்டும்தான் வந்திருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. இப்போது பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தட்டம்மை. நாலு நாளாக உடம்பெல்லாம் தடிப்பு. என் பாப்பா அவனோடுதான் விளையாடுவாள். இனிமேல் ஊசி போட்டால் பலன் உண்டா? முதலிலிருந்து போட வேண்டுமா? ஒரே நாளில் நாலைந்து ஊசி தாங்குவாளா? நான் தப்புப் பண்ணிவிட்டேனா?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

தட்டம்மை காற்றிலேயே பரவும். தடிப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். தடிப்பு வந்த பிறகும் நான்கு நாள் பரவும். நோய் உள்ள குழந்தையோடு பழகிய மூன்று நாளுக்குள் ஊசி போட்டுவிட்டால் நோய் வராமலே தடுத்துவிட வாய்ப்பு உண்டு. உங்கள் பாப்பாவுக்கு அந்த மூன்று நாள் அநேகமாகக் கடந்திருக்கும். இருந்தாலும் போடுங்கள். கிருமி ஏற்கெனவே உள்ளே போயிருந்தால்கூட ஊசியால் கெடுதல் எதுவும் வராது. போகவில்லை என்றால் அடுத்த முறை அது தெருவுக்கு வரும்போது பாப்பா பாதுகாப்பாக இருப்பாள். இதற்காகப் புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் மற்ற வேலை நாட்களிலும் தடுப்பூசி போடுகிறார்கள். நாளைக் காலையிலேயே கேட்டுப் பாருங்கள். இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்குள் பாப்பாவுக்குக் காய்ச்சலோடு மூக்கில் நீர், கண் சிவப்பு, வறட்டு இருமல் என்று வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். போனவுடனே பக்கத்து வீட்டில் தட்டம்மை இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் காத்திருக்கும் மற்றக் குழந்தைகளோடு சேர்த்து உட்கார வைக்காமல் தனியாகப் பார்ப்பார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலிலிருந்து போட வேண்டாம். போட்ட ஊசி எதுவும் வீணாகவில்லை. நீங்கள் டெய்லர் என்பதால் உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன். தைத்துக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்துவிட்டால் தைத்த வரைக்கும் பிரித்துப் போட்டுவிட்டா மறுபடி ஆரம்பிக்கிறீர்கள்? விட்ட இடத்தில் பிடித்துத்தானே ஓட்டுகிறீர்கள். உடம்பும் அப்படித்தான். இரண்டரை மாதத்தில் பார்த்த கிருமியின் அடையாளத்தைப் பாப்பாவின் உடம்பு பத்திரமாக வைத்திருக்கிறது. இடைவெளி ஆறு மாதமானாலும் ஒரு வருடமானாலும் அடுத்த தவணையைப் போட்டவுடன் அது நினைவுக்கு வந்துவிடும். இடைவெளி குறைந்தால்தான் சிக்கல். அதனால்தான் இரண்டு தவணைக்கு நடுவில் குறைந்தது நான்கு வாரம் வேண்டும் என்கிறோம். அதிகமானால், அந்த இடைப்பட்ட நாட்களில் குழந்தை பாதுகாப்பு இல்லாமல் இருந்தது என்பதுதான் இழப்பு. அதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் நாளையிலிருந்து வரும் நாட்கள் நம் கையில் இருக்கின்றன.

அட்டை தொலைந்ததற்காகத் தயங்க வேண்டாம். ஆண்டிபட்டி பக்கம் உங்களைப் பார்த்த கிராம சுகாதார செவிலியரிடம் பதிவேடு இருக்கும். கர்ப்பத்தின்போது உங்களுக்குக் கொடுத்த பிக்மி எண் பழைய ஸ்கேன் சீட்டிலோ பிரசவம் பார்த்த மருத்துவமனை சீட்டிலோ எழுதியிருக்கும். அதை வைத்துத் தேடலாம். உங்கள் அம்மாவைப் போய்க் கேட்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யு-வின் என்ற அரசுப் பதிவில் பாப்பாவின் பெயர் ஏறியிருந்தால் எந்த ஊரில் இருந்தும் பார்க்கலாம். எதுவுமே கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. சந்தேகமுள்ள ஊசியை இன்னொரு முறை போட்டால் குழந்தைக்கு ஆபத்து இல்லை. சந்தேகத்தை வைத்துக்கொண்டு போடாமல் இருப்பதில்தான் ஆபத்து.

இன்னொன்று, திருப்பூரில் ரேஷன் கார்டு இல்லை, ஆதாரில் ஊர் முகவரி இருக்கிறது என்றெல்லாம் நினைத்துப் பின்வாங்காதீர்கள். எந்த ஊர்க் குழந்தைக்கும் எந்த அரசு நிலையத்திலும் இலவசமாகப் போட வேண்டும் என்பதுதான் முறை.

இனி, நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தப்புப் பண்ணிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊசி விட்டுப்போன குழந்தைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். தடுப்பூசியே கூடாது என்ற கொள்கையோடு வருபவர்கள் இருக்கிறார்கள்தான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் போட ஆரம்பித்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பி, பிள்ளையை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் அவர்கள் சிலர்தான். மிச்சப் பேர் உங்களைப் போன்றவர்கள். முதல் இரண்டு தவணைக்குச் சரியாகப் போயிருப்பார்கள். நடுவில் ஏதோ ஒன்று வழிமறித்திருக்கும். ஒரு வாரம் தள்ளும். ஒரு வாரம் ஒரு மாதமாகும். மாதமான பிறகு கேட்கவே கூச்சமாகிவிடும்.

அந்த ஏதோ ஒன்று என்னவென்று உங்கள் கடிதத்தையே வைத்துப் பார்ப்போம்.

நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வருகிறோம். தடுப்பூசி அட்டவணையோ பிறந்தவுடன், 6 வாரம், 10 வாரம், 14 வாரம், 9 மாதம், ஒன்றரை வயது என்று போகிறது. 14 வார ஊசி சரியாக ஊர் மாறும் நேரத்தில் வந்து நிற்கிறது. தாய் வீட்டுச் செவிலியர் "புருஷன் ஊருக்குப் போயாச்சு" என்று எழுதிக்கொள்கிறார். புகுந்த ஊர்ச் செவிலியரின் ஏட்டில் குழந்தையின் பெயரே இல்லை. யார் மீதும் குற்றமில்லை, ஆனால் அந்தக் குழந்தையைத் தேட யாருக்கும் தோன்றாது. நீங்கள் அதே மாநிலத்துக்குள் மாறி வந்ததற்கே இப்படி. உங்கள் கம்பெனியில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து குடும்பத்தோடு வந்து, மழைக்கு முன் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் குழந்தைகள் எந்த ஊர்க் கணக்கில் வருவார்கள்? 2014 டிசம்பரில் மத்திய அரசு இந்திரதனுஷ் இயக்கத்தை ஆரம்பித்ததற்கு இப்படி விட்டுப்போன குழந்தைகளைத் தேடிப் போய்ப் போடுவதுதான் நோக்கம். சூளை, கட்டடம் கட்டும் இடம், நாடோடிக் குடியிருப்பு என்று பட்டியல் போட்டுப் போனார்கள்.

அடுத்தது புதன்கிழமை. தமிழ்நாட்டில் புதன் என்றால் தடுப்பூசி நாள் என்பது ஊருக்கே தெரியும். அது ஒரு விதத்தில் நல்லது, யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குப் புதன்கிழமை ஒரு நாள் கூலி. காலையில் போய் வரிசையில் நின்று, ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, வீட்டுக்கு வந்து, காய்ச்சல் வருமோ என்று அடுத்த நாளும் லீவு போட்டால் இரண்டு நாள் கூலி. ஊசி இலவசம் என்கிறோம். உங்களுக்கு அது இலவசமாக இருந்ததில்லை. இதை அதிகாரிகளும் டாக்டர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஊசி போடும் இடம் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டதைத் தொடர்ந்து நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே நடுங்கிப்போனது. அதற்குப் பிறகு, செவிலியர் கிராமம் கிராமமாகப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்ததை அரசு நிறுத்திவிட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடச் சொன்னது. நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவுதான். ஆனால் அதுவரை தெருமுனை பால்வாடியில் கிடைத்த ஊசிக்குத் தாய்மார்கள் பஸ் ஏற வேண்டியதாயிற்று. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஒரு வயது முடிந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் எல்லா அடிப்படை ஊசிகளும் போட்டவர்கள் தமிழ்நாட்டில் 2005-06இல் நூற்றுக்கு 81 பேர். 2015-16இல் அது 70 ஆக இறங்கிவிட்டது. மற்ற மாநிலங்கள் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் நாம் இறங்கினோம். இந்த ஒரு முடிவு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தூரமும் அதில் ஒரு காரணம் என்று பலரும் எழுதினார்கள். மறுபடி கிராமங்களுக்குப் போக ஆரம்பித்து, விட்டவர்களைத் தேடிப் பிடித்த பிறகு, 2019-21 கணக்கெடுப்பில் 89க்கு ஏறியது. அந்தப் பதினைந்து வருடங்களில் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் ஒரு முறை பொறுப்பில்லாதவர்களாகவும் பிறகு திடீரென்று பொறுப்புள்ளவர்களாகவும் மாறிவிடவில்லை. வழி தூரமானது, மறுபடி கிட்டத்தில் வந்தது. அவ்வளவுதான்.

அதற்கு அப்புறம் உங்களைத் திட்டியது. படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தச் செவிலியரை எனக்குத் தெரியாது. அவர் தலையில் எத்தனை பதிவேடு, எத்தனை தெரு, மாதக் கடைசியில் எத்தனை கணக்கு என்பது எனக்கு ஓரளவு தெரியும். இருந்தாலும் விட்டுப்போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் திரும்பி வருகிறாள் என்றால், அவளைத்தான் முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும். வராதவர்களைத் தேடித்தான் நாம் தெருத் தெருவாக அலைகிறோம். தானாக வந்தவளைத் திட்டினால் அவள் திரும்ப வர மாட்டாள். நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு போகவில்லை என்று.

"ஒரு குழந்தைதான் வந்திருக்கு" என்று திருப்பி அனுப்பியதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது, பெற்றோர் பலருக்குத் தெரியாது. அம்மை ஊசி மருந்து பொடியாக வரும். ஒரு சின்னப் பாட்டிலில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். அதில் நீர் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். காசநோய்க்காகப் பிறந்ததும் போடும் பிசிஜி ஊசிக்கும் அதே கதை. மருந்து வீணானால் கணக்குக் கேட்பார்களே என்று செவிலியர்கள் தயங்குகிறார்கள். ஆனால் ஒரே குழந்தை வந்தாலும் பாட்டிலை உடைக்கலாம் என்பதுதான் வழிகாட்டுதல். கொட்டிப்போகும் மருந்தின் விலை பெரிதல்ல. இன்னொரு முறை அப்படிச் சொன்னால், "பக்கத்து வீட்டில் தட்டம்மை இருக்கிறது, பாப்பாவுக்கு ஒன்பது மாத ஊசியே போடவில்லை, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா?" என்று பொறுமையாகக் கேளுங்கள். டாக்டர் இருந்தால் கட்டாயம் போடச் சொல்வார்.

திருப்பி அனுப்பிய பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. படிப்பு முடித்த புதிதில், மூக்கு ஒழுகுகிறது, லேசாக இருமல் இருக்கிறது என்று எத்தனையோ குழந்தைகளை "சரியானதும் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறேன். மழைக்காலத்தில் எந்தக் குழந்தைக்கு மூக்கு ஒழுகாமல் இருக்கும்? அவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. சளி, இருமல், லேசான காய்ச்சல், லேசான வயிற்றுப்போக்கு இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. எடை குறைவான குழந்தைக்கும் போடலாம், சொல்லப்போனால் அந்தக் குழந்தைக்குத்தான் அவசரம் அதிகம். கடும் காய்ச்சல், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் என்றால் குணமாகும் வரை தள்ளிப்போடுவோம். முந்தைய தவணைக்குப் பிறகு மூச்சுத் திணறலோ முகம் வீங்குவதோ வலிப்போ வந்திருந்தால், அல்லது குழந்தையின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ இருந்தால், டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் பாப்பாவுக்கு வந்தது அப்படி எதுவும் இல்லை.

பாப்பாவுக்கு வந்தது காய்ச்சலும் கட்டியும். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் தொடையில் போடுவதை ஐந்து நோய்களுக்கான ஊசி என்கிறோம். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும் ஹிப் கிருமி என்று ஐந்து. நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் இதை ஆரம்பித்தார்கள். இதில் கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று சேர்க்கிறார்கள். செத்த கிருமிதான், நோய் தராது. ஆனால் உடம்பு அதை முழு எதிரியாகவே பார்த்துச் சண்டைக்குத் தயாராகிறது. அந்தச் சூடுதான் காய்ச்சல். அன்றைக்கே வரும், இரண்டு நாளில் போகும். கட்டி கொஞ்ச நாள் கழித்து வலியில்லாத உருண்டையாகச் சில வாரங்கள் இருந்துவிட்டுத் தானாகக் கரையும். அதைத் தேய்க்கக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது, ஒத்தடம் என்ற பெயரில் சுடவைக்கக் கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஊசி போடும் இடத்திலேயே கேட்டு, குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். சொட்டு மருந்தாக வரும் பாராசிட்டமால் அடர்த்தியானது, சிரப் அப்படி இல்லை. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்துவிட்டால் ஆபத்து. பாட்டிலைக் காட்டிக் கேளுங்கள். மறுபடி கொடுக்க வேண்டுமானால் ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், நிற்காமல் மணிக்கணக்கில் அழுகை, வலிப்பு, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அம்மை ஊசியின் காய்ச்சல் வேறு மாதிரி. அது ஒரு வாரம், பத்து நாள் கழித்து, லேசான தடிப்போடு சிலருக்கு வரும். அதைப் பார்த்து "ஊசி போட்டதால் அம்மை வந்துவிட்டது" என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் மாமியாரைப் பற்றிக் கோபமாக நினைக்காதீர்கள். பேத்தி அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்ன வார்த்தை அது. அந்த இரண்டரை மாத ஊசி போட்ட அன்றைக்கே "இன்று ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாதீங்க" என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் பாப்பாவுக்கு மூன்றரை மாத ஊசி நேரத்தில் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊசி போடுவதற்கு ஒரு நிமிடம். இந்த ஒரு வரியைச் சொல்ல அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்ததில் எத்தனையோ குழந்தைகளை இழந்திருக்கிறோம். அவரிடம் வாதம் பண்ண வேண்டாம். ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: அவர் சின்ன வயதில் தெருவில் மணல்வாரி, அதாவது இந்தத் தட்டம்மை, வந்து இறந்துபோன பிள்ளைகள் யார் யார் என்று. அவருக்குப் பெயரோடு நினைவிருக்கும். அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் ஊற்றி, வேண்டிக்கொண்டு காத்திருந்த தலைமுறை அது. நீங்கள் வேப்பிலை கட்டுவதை நான் தடுக்க மாட்டேன். ஊசியையும் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து, நாலைந்து ஊசி. பாப்பாவுக்கு என்னென்ன மிச்சம் என்று கணக்குப் போட்டால், ஐந்து நோய் ஊசியின் மூன்றாம் தவணை, போலியோ சொட்டும் போலியோ ஊசியும், நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி, தட்டம்மை ரூபெல்லா ஊசி. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் போடலாம், வேறு வேறு இடத்தில். வலி ஒரு நாளோடு முடியும், உங்கள் சம்பளமும் ஒரு நாளோடு போகும். நான் என் கையால் போடும்போது இப்படித்தான் போடுகிறேன். பாப்பா ஒரு நாளில் தரையில் தவழ்ந்து வாயில் வைத்துக்கொள்ளும் கிருமிகளைக் கணக்கிட்டால் இந்த ஊசிகளில் இருப்பது அவள் உடம்புக்குப் பெரிய வேலையே இல்லை. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டின் மூன்றாம் தவணையை இந்த வயதில் கொடுப்பதா என்பதை அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். நியூமோகாக்கல் ஊசி தனியாரில் ஒரு தவணையே ஆயிரக்கணக்கில் ஆகும். 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள், தயங்காமல் கேளுங்கள். தட்டம்மை ஊசியோடு வைட்டமின் ஏ திரவமும் கொடுக்க வேண்டும். மறந்தால் நினைவூட்டுங்கள். ஊசி போடும்போது பாப்பாவை மடியில் வைத்துப் பால் கொடுங்கள், வலி குறைவாகத் தெரியும்.

அங்கிருந்து கிளம்பும் முன் புது அட்டை வாங்கி, அடுத்த தேதிகளை எழுதச் சொல்லுங்கள். நியூமோகாக்கலின் கடைசித் தவணைக்கு இரண்டு மாதமாவது இடைவெளி வேண்டும். தட்டம்மை இரண்டாம் ஊசி 16 மாதத்துக்கு மேல். ஐந்து நோய் ஊசியின் மூன்றாம் தவணையிலிருந்து ஆறு மாதம் கழித்து, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊக்குவிப்பு ஊசி, கூடவே போலியோ சொட்டு. இன்னொரு ஊக்குவிப்பு ஊசி ஐந்து வயது முடிந்ததும்.

இந்தக் கடைசி இரண்டையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்குள் எல்லா ஊசியும் சரியாகப் போட்டவர்கள்கூட இவற்றை விட்டுவிடுகிறார்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது, நன்றாக இருக்கிறது, செவிலியரும் புதுக் குழந்தைகள் பின்னால் போய்விட்டார். சில வருடங்களுக்கு முன் ஏழு வயதுப் பையன் ஒருவனைத் தொண்டை வீங்கி, கழுத்து மாட்டுக் கழுத்து போலப் பருத்து, மூச்சுக்குத் தவிக்கும் நிலையில் கொண்டுவந்தார்கள். தொண்டை அடைப்பான். இரவெல்லாம் அவன் பக்கத்தில் நின்றேன். பிழைத்துக்கொண்டான். அவன் அம்மா பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக மடித்து வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். ஒன்பது மாதம் வரை எல்லாக் கட்டத்திலும் தேதி இருந்தது. அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள் காலி. "அதெல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன் டாக்டர்" என்றார். தொண்டை அடைப்பான் இப்போது நம் நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அதிகம் தெரிவதற்கு இந்தக் காலிக் கட்டங்கள் ஒரு பெரிய காரணம்.

எனவே, நீங்கள் தப்புப் பண்ணிவிட்டீர்களா என்றால், என் பதில் இல்லை. ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர் நீங்கள். தாமதத்தில் உங்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்லி ஏமாற்றவும் மாட்டேன். மூன்று மாதம் கூச்சத்தில் போய்விட்டது, அதை நாளையோடு முடித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. பாப்பாவின் ஊசித் தேதி அவருக்கும் தெரிய வேண்டும். அடுத்த தவணைக்கு அவர் லீவு போட்டுத் தூக்கிக்கொண்டு போகட்டும். ஊசி போடுகிற அறையில் அப்பாக்கள் வந்து நிற்பது இப்போதும் எனக்கு அபூர்வமாகத்தான் தெரிகிறது. வந்தவர்கள் யாரும் அடுத்த தேதியை மறந்ததில்லை.

கிளம்பும் முன் பக்கத்து வீட்டுக்கும் ஒரு முறை போய்வாருங்கள், பாப்பாவை வீட்டில் விட்டுவிட்டு. அந்தப் பையனுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், கண்ணைக் காப்பாற்றும். மூச்சு வேகமாக இழுத்தாலோ காது வலி என்றாலோ சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ ராத்திரியானாலும் காத்திருக்க வேண்டாம். அவனுக்குத் தம்பி தங்கை உண்டா, அவர்களுக்கு ஊசி போட்டாச்சா என்றும் கேளுங்கள். சுகாதார நிலையத்தில் இந்தத் தெருவில் தட்டம்மை இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அவர்களே தெருவுக்கு வந்து மற்றக் குழந்தைகளையும் பார்ப்பார்கள். அப்படி வரும்போது, விட்டுப்போனது உங்கள் பாப்பாவுக்கு மட்டும் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.